கணினி கேள்வி–பதில்: பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

கேள்வி: ஐயா, தலவாக்கலைக்கு அருகிலுள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆரம்பப் பிரிவுக்குக் கற்பிக்கிறேன். என்னிடம் இருப்பது 2014இல் வாங்கிய மடிக்கணினி. இன்டெல் கோர் ஐ5 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ரெம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. விண்டோஸ் 11க்கு மாற முயன்றால் இந்தக் கணினி தகுதியற்றது என்று காட்டுகிறது. நகரத்துக் கடையொன்றில் எப்படியாவது போட்டுத் தருகிறோம் என்கிறார்கள். பத்து ஆண்டுகளாகத் தயாரித்த வினாத்தாள்கள் எல்லாம் இதற்குள்தான் இருக்கின்றன. அனைத்தும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. புதிது வாங்க இப்போது வசதியில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொல்வது பொய்யில்லை. உங்கள் மடிக்கணினியில் விண்டோஸ் 11 ஓடும். ஆனாலும் அதைப் போட வேண்டாம் என்றே நான் சொல்வேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் ஆசிரியர்கள் மலையகத்தில் ஏராளம்.

2021 ஒக்டோபரில் விண்டோஸ் 11 வெளிவந்தபோது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி பாதுகாப்பாகத் தொடங்குவதை உறுதிசெய்யும் செக்யூர் பூட் வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியும் வேண்டும் என மைக்ரோசொப்ட் வரையறுத்தது. உங்கள் நான்காம் தலைமுறைச் செயலி அந்தப் பட்டியலில் இல்லை. நிறுவும் நேரத்தில் நடைபெறும் இந்தச் சோதனையைத் தாண்டிச் செல்ல வழி உண்டு. ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவைத் தயாரிக்கும்போது, ரெம், செக்யூர் பூட், டிபிஎம் ஆகிய நிபந்தனைகளை நீக்கவா என்று அதுவே கேட்கிறது. ஓர் அடையாளமிட்டால் வேலை முடிந்தது. கடைகளில் செய்வதும் அநேகமாக இதுதான்.

அதற்குப் பிறகு வருவதைத்தான் யோசிக்க வேண்டும். தகுதியற்ற கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசொப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. மாதாந்தப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நடைமுறையில் இத்தகைய கணினிகளுக்கும் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன. ஆனால் ஆண்டுக்கொரு முறை வெளியாகும் புதிய பதிப்பு தானாக வந்து சேராது. ஒவ்வொரு முறையும் பென் டிரைவோடு உட்கார்ந்து கையால்தான் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால், சில காலத்தில் அந்தப் பதிப்புக்கான ஆதரவும் முடிந்துவிடும். ஆண்டுதோறும் கடைக்குப் பணம் கொடுக்கும் ஏற்பாட்டில் நீங்கள் மாட்டிக்கொள்வதை நான் விரும்பவில்லை. மேலும், 4 ஜிபி ரெம்மும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினியில் விண்டோஸ் 11 படும் பாட்டைப் பார்த்தவர்கள் மறுபடி அதைப் பரிந்துரைக்க மாட்டார்கள். காலையில் பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் ஊற்றிக் குடித்து முடித்த பிறகும் திரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

எனவே இயங்குதளத்துக்கு முன் இயந்திரத்தைக் கவனியுங்கள். முதற்செலவு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்துக்கே இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தலாம். 240 ஜிபி உங்கள் வேலைக்குப் போதும். ரெம்மை 8 ஜிபியாக உயர்த்த முடிந்தால் இன்னும் நல்லது. உங்கள் தலைமுறைக் கணினிகள் பொதுவாக டிடிஆர்3எல் வகையை ஏற்பவை என்பதால், கடையில் அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். பின்மூடியைத் திறக்கும்போதே மின்விசிறியையும் துப்புரவு செய்யச் சொல்லுங்கள். அண்மையில் என் மேசைக்கு வந்த ஒரு மடிக்கணினி பத்து நிமிடத்துக்கொரு முறை தானாக அணைந்துகொண்டிருந்தது. இயங்குதளக் கோளாறு என்று சொல்லி இரண்டு தடவை விண்டோஸ் மாற்றியிருந்தார்கள். திறந்து பார்த்தால், காற்று வெளியேறும் செப்புத் தகடுகளுக்கு முன்னால் கம்பளித் துணி போல ஒரு படலம். விறகடுப்புப் புகையின் கரியும் வீட்டுத் தூசியும் மலைக்காற்றின் ஈரத்தில் ஒட்டி இறுகியிருந்தன. இடுக்கியால் பிடித்து இழுத்தபோது துண்டாகாமல் ஒரே பட்டையாக வந்தது. அதை எடுத்த பிறகு அந்தக் கணினி இன்றுவரை அணையவில்லை.

இனி எந்த இயங்குதளம் என்ற கேள்விக்கு வருகிறேன். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசொப்ட் கணக்கும் இருந்தால், அமைப்புகளைக் கணக்கோடு ஒத்திசைத்துக் கட்டணமின்றியே சேர்ந்துகொள்ளலாம். இது கால அவகாசம் மட்டுமே, தீர்வாகாது. ஆனால் தவணைப் பரீட்சைக் காலத்தில் கணினியை மாற்றியமைக்க நேரமில்லாத ஓர் ஆசிரியைக்கு அந்த அவகாசமும் பெரிது.

நிலையான வழியாக நான் சொல்வது, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம். அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு இலகுவானது. குறைந்தது 2 ஜிபி ரெம் போதும், 4 ஜிபி இருந்தால் நன்று என்று அதை உருவாக்குபவர்களே கூறுகிறார்கள். 22ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை புதுப்பிப்புகள் கிடைக்கும். உரிமக் கட்டணம் எதுவும் இல்லை. பழைய கணினி என்று அது யாரையும் வாசலில் நிறுத்துவதும் இல்லை. நீங்கள் விரும்பினால் எதையும் அழிக்காமலே சோதித்துப் பார்க்கலாம்: பென் டிரைவிலிருந்தே கணினியைத் தொடக்கி, வைஃபை பிடிக்கிறதா, ஒலி கேட்கிறதா, கெமரா வேலை செய்கிறதா, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று ஒரு மாலை முழுவதும் பாருங்கள். முக்கியமாக அச்சுப்பொறியை இணைத்து ஒரு பக்கமாவது அச்சிட்டுப் பாருங்கள். நம் பாடசாலைகளிலும் கடைகளிலும் காணப்படும் கெனன் எல்பிபி 2900 போன்றவை லினக்ஸில் எளிதில் இணங்குவதில்லை. அச்சுப்பொறியை இயக்கும் ட்ரைவர் மென்பொருளைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டியிருக்கும். உங்களுடையது அதுவானால், இதைத் தீர்த்த பிறகே அடுத்த அடியை வையுங்கள்.

பாமினியைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. பாமினியில் தட்டச்சு செய்த கோப்புக்குள் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே வினாத்தாளைத் திறந்தால், ஆங்கிலச் சிற்றெழுத்துகள் வரிசையாக நிற்க, மெய்யெழுத்துப் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளிகள் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று பதறி அழித்தவர்களை நான் அறிவேன். தயவுசெய்து அழிக்காதீர்கள். விண்டோஸில் உள்ள பாமினி எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் பிரதியெடுத்து, மின்ட்டில் அதை இருமுறை சொடுக்கி நிறுவினால் போதும், லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளில் வினாத்தாள் தமிழாகவே திறக்கும். உங்கள் விரல்களுக்குப் பழகிய பாமினித் தட்டச்சும் அப்படியே தொடரும். அட்டவணைகளும் படங்களும் மட்டும் ஓரிரு இடங்களில் நகர்ந்திருக்கக்கூடும். இனிப் புதிதாகத் தயாரிப்பவற்றையாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் தட்டச்சு செய்யப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கைப்பேசியில் பெற்றோருக்கு அனுப்பினாலும் அவை எழுத்து மாறாமல் போய்ச் சேரும்.

ஈ-தக்சலாவ இணையவழிக் கற்றல் தளம் உலாவியில் திறக்கும். சூம் செயலிக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு.

நிறுவும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. வினாத்தாள்களை இரண்டு இடங்களில் பிரதியெடுத்த பிறகே தொடங்குங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமல் அப்படியே எடுத்து வைத்தால் அது மூன்றாவது பிரதியாகும். பழைய பட்டரி பெரும்பாலும் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நம் பகுதியில் பிற்பகலானால் இடியுடன் மழை இறங்குவதும் கரண்ட் போவதும் உங்களுக்குத் தெரியும். வட்டின் இடத்தைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் நின்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய நேரிடும். ஆதலால் காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள்.

கேள்வி: பண்டாரவளையிலிருந்து பல்கலைக்கழக மாணவன். மாமா தந்த 2012ஆம் ஆண்டு 13 அங்குல மெக்புக் ப்ரோவில் மெக்ஓஎஸ் இயங்குதளத்தின் கெட்டலினா பதிப்புக்கு மேல் ஏற முடியவில்லை. பழைய மெக்கில் புதிய பதிப்பை ஏற்ற உதவும் ஓப்பன்கோர் லெகசி பெச்சர் மென்பொருளைப் பயன்படுத்தலாமா?

பதில்: தம்பி, உங்களுக்குப் பொறுமையும் நல்ல இணைய இணைப்பும் இருந்தால் பயன்படுத்தலாம். உங்கள் கணினிக்கு அப்பிள் அதிகாரபூர்வமாக அனுமதித்த கடைசிப் பதிப்பு கெட்டலினாதான். அதிலுள்ள இன்டெல் எச்டி 4000 வரைகலைக்கான ட்ரைவர்களைப் பின்னர் வந்த மொன்டரே பதிப்பிலிருந்து அப்பிள் நீக்கிவிட்டது. ஓப்பன்கோர் அவற்றை இயங்குதளத்துக்குள் மீண்டும் ஒட்டவைக்கிறது. இதற்காகப் பாதுகாப்புக் கட்டுப்பாடு ஒன்றைத் தளர்த்தவும் வேண்டியிருக்கும். மேலும், இயங்குதளம் ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் அந்த ஒட்டு போய்விடும். திரை இழுத்து இழுத்து நகர்ந்தால் பயப்படாமல் மறுபடி ஒட்டுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி வையுங்கள். ஒப்படைப்புக்கு முந்திய வாரத்தில் மட்டும் இதைத் தொடாதீர்கள். உங்களுடையது ரெட்டினா திரை இல்லாத மாதிரியென்றால், இதிலும் எஸ்எஸ்டியையும் ரெம்மையும் நீங்களே மாற்றலாம் என்பது அதன் பெரிய நன்மை.

கேள்வி: மஸ்கெலியாவில் அப்பா ஒரு பழைய கோர் 2 டுவோ மடிக்கணினி வைத்திருக்கிறார். 2 ஜிபி ரெம், விண்டோஸ் 7. விண்டோஸ் 11 போட முடியுமா?

பதில்: முடியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து பொப்கவுன்ட் என்ற கட்டளை செயலியில் இருந்தே ஆக வேண்டும். கோர் 2 டுவோவில் அது இல்லாததால், எந்த வழியில் சோதனையைத் தாண்டினாலும் அந்த விண்டோஸ் தொடங்காது. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்தது. குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டுவிட்டது. ஆகையால் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க வேண்டாம். மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அதில் இயங்கும். கடிதம் தட்டச்சு செய்யவும் பாட்டுக் கேட்கவும் தடையிராது. உலாவியில் மட்டும் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு மேல் திறந்தால் திணறும்.