தள்ளுவண்டியைப் பிடித்தால் மட்டும் வலி குறைவது ஏன்?

கேள்வி: எனக்கு 58 வயது. கோலாலம்பூர் செந்தூலில் காலைப் பலகாரக் கடை வைத்திருக்கிறேன். இனிப்பு நீர் (நீரிழிவு) வந்து 12 வருடம் ஆகிறது, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக இடுப்பு வலி. கொஞ்ச நேரம் நின்றாலோ நடந்தாலோ வலி இரண்டு கால்களுக்கும் இறங்கிக் கால் கனத்துப்போகிறது. உட்கார்ந்தால் சரியாகிவிடும். பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது மட்டும் வலி அவ்வளவாகத் தெரிவதில்லை. இரவில் பாதம் இரண்டும் எரிகிறது. முழங்கால் வலி வேறு. ஸ்கேன் எடுத்ததில் ஜவ்வு பிதுங்கி நரம்பை நெருக்குகிறது, ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மஜுன் என்ற மூலிகை லேகியத்தைச் சாப்பிட்டால் எல்லா வலியும் போய்விடுகிறது. நிறுத்தினால் இரண்டாம் நாளே எழுந்திருக்க முடியவில்லை, குமட்டுகிறது. ஆபரேஷன் செய்யலாமா? மஜுனைத் தொடரலாமா?

பதில்: அம்மா, ஆபரேஷனைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் அந்த மஜுன்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இருப்பது ஒரே வலி இல்லை, மூன்று. இடுப்பில் நரம்பு நெருக்கம், பாதத்தில் இனிப்பு நீரால் கெட்ட நரம்பு, முழங்காலில் தேய்மானம். மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இந்த மூன்றையும் ஓரிரு நாளில் அடக்கும் மூலிகை எனக்குத் தெரிந்து கிடையாது. அப்படி ஒன்று அடக்குகிறது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்த ஜாமு (மலாய் நாட்டு மருந்து), மஜுன் வகைகளைப் பற்றி நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. சிலவற்றில் வலி நிவாரணியையும் சேர்த்தே கலக்கிறார்கள்.

ஸ்டீராய்டு நல்ல மருந்துதான். அளவு தெரிந்து, காலம் தெரிந்து கொடுத்தால் உயிர் காக்கும். அளவே தெரியாமல் மாதக்கணக்கில் விழுங்கினால் முகம் உப்பும், பசி கூடும், எலும்பு மெலியும், லேசாக இடித்தாலே தோலில் நீலம் பாரிக்கும். உங்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. அது ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏற ஏறப் பாத நரம்பு இன்னும் கெடும். இன்று வலியைத் தணிக்கிற அதே டப்பா, அடுத்த வருடத்துப் பாத எரிச்சலையும் உண்டாக்கிக்கொண்டிருக்கலாம்.

அதற்காக இன்றைக்கே அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானாகவே சுரக்கிறது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அது தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் வெளியிலிருந்தும் வராது, உள்ளேயும் சுரக்காது. இரண்டாம் நாள் எழுந்திருக்க முடியாமல் குமட்டுகிறது என்றீர்களே, அது அதனால் இருக்கலாம். அதனால் நாளைக் காலையே டப்பாவோடு கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்கு) போங்கள். குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். டாக்டர் உங்களைத் திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். காலை நேரத்தில் கார்ட்டிசோல் (அந்தச் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டு) ரத்தப் பரிசோதனை எடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வழி செய்வார்கள். இடையில் வாந்தி நிற்காமல் வந்தாலோ எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். இனி எந்த நாட்டு மருந்து வாங்கினாலும், எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, இப்போது இடுப்புக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் ஸ்கேன் ரிப்போர்ட்டை விட எனக்கு அதிகம் சொன்னது அந்தத் தள்ளுவண்டி வரிதான். முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கிவரக் குழாய் மாதிரி ஒரு பாதை இருக்கிறது. வயதாக ஆக அதன் சுவர் தடிக்கும், எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் ஜவ்வு பிதுங்கும், பாதை குறுகும். நிமிர்ந்து நிற்கும்போதும் பின்னால் வளையும்போதும் அது இன்னும் சுருங்கும். முன்னால் குனிந்தால் கொஞ்சம் விரியும். தள்ளுவண்டியைப் பிடித்து நடக்கும்போது நமக்கே தெரியாமல் முன்னால் சாய்ந்துவிடுகிறோம், நரம்புக்கு இடம் கிடைக்கிறது. இந்தத் தொல்லை உள்ள பலர் அரை மணி நேரம் சைக்கிள் மிதிப்பார்கள், ஆனால் பத்து நிமிடம் நிமிர்ந்து நடக்கமாட்டார்கள்.

ஒரே ஒரு சந்தேகத்தை மட்டும் தீர்த்துக்கொள்ள வேண்டும். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கால் ரத்தக்குழாய் அடைத்தாலும் நடக்கும்போது கெண்டைக்கால் வலிக்கும். அந்த வலி சும்மா நின்றாலே குறையும், உட்காரவோ குனியவோ தேவையில்லை. உங்களுக்கு அப்படி இல்லை என்றாலும், கிளினிக்கில் பாதத்தின் மேல்பக்கம் நாடி பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்கேனில் பிதுக்கம் தெரிந்ததற்காகவே பயப்பட வேண்டாம். முதுகு வலியே இல்லாத 3,000க்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள். 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம் இருந்தது, 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இருந்தது. நரைத்த முடி மாதிரிதான். நீங்கள் சொல்லும் கதையும் படமும் பொருந்துவதால் உங்கள் நெருக்கத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் காலில் பலம் குறையாமல், சிறுநீர், மலத்தில் தொல்லை இல்லாமல் இருக்கும்வரை ஆபரேஷனுக்கு அவசரம் கிடையாது. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து பாருங்கள். அதன் பிறகும் கடைக்கும் வீட்டுக்கும்கூட நடக்க முடியவில்லை என்றால் அப்போது ஆபரேஷனைப் பற்றிப் பேசலாம். சரியான ஆளுக்குச் செய்தால் கால் வலிக்கு அது நன்றாகவே கைகொடுக்கும்.

என்ன பயிற்சி? மல்லாந்து படுத்து முழங்காலை மார்போடு அணைத்து 20 வினாடி. முதலில் ஒரு கால், அப்புறம் இரண்டும். காலையும் மாலையும் ஐந்து ஐந்து தடவை. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் கிடைத்தால் தினமும் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். யோகா வகுப்புக்குப் போகிறவராக இருந்தால் புஜங்காசனம் மாதிரி முதுகைப் பின்னால் வளைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், அது உங்கள் பாதையை இன்னும் சுருக்கும். கடையில் தோசைக் கல்லுக்கு முன்னால் ஒரு சின்ன முக்காலி போட்டு ஒரு காலை அதன்மேல் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வப்போது காலை மாற்றுங்கள். பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்று இருக்கட்டும். வலி வந்த பிறகு உட்காராதீர்கள். 15 நிமிடத்தில் வலி வரும் என்றால் 10ஆவது நிமிடத்திலேயே உட்காருங்கள். வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்ற கூச்சம் வேண்டாம்.

பாத எரிச்சல் வேறு கதை. சாக்ஸ் போடும் இடம் முழுக்க, இரண்டு பக்கமும், இரவில் அதிகமாக எரிந்தால் அது பெரும்பாலும் இனிப்பு நீர் நரம்புக் கோளாறு. இதற்குப் பனடோலோ டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரையோ பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின், கேபாபென்டின், பிரிகாபலின், டுலாக்செட்டின் மாதிரி நரம்புக்கென்று உள்ள மருந்துகள்தான் உதவும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். இவற்றில் சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும், முதல் சில நாள் காலையில் அடுப்பருகே கவனம். இன்னொன்று, மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் பாதத்தை எரிய வைக்கும். ரத்தத்தில் பி12 பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காமலேயே நரம்பு சத்து மாத்திரையை வருடக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள். அதில் இருக்கும் வைட்டமின் பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

எரிகிற பாதத்துக்கு உணர்ச்சியும் குறைவாக இருக்கும், அதுதான் எனக்குக் கவலை. உச்சி வெயிலில் கோவில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றி, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்துமலைக்குப் போனால் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே போய்விட்டு வாருங்கள். சுடுநீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பாருங்கள். தினமும் படுக்கும் முன் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். மரத்த பாதத்தை அழுத்தி உருவிவிடச் சொல்லாதீர்கள்.

முழங்காலுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருங்கள், பத்து தடவை. தொடைத் தசை பலமானால் மூட்டுக்குப் பாரம் குறையும். உடல் எடையில் 1 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறைகிறது. வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாம். மாத்திரையாக வேண்டாம், குறிப்பாக ரத்த அழுத்த மாத்திரையும் சாப்பிடுகிறீர்கள் என்றால். இனிப்பு நீர்க்காரருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

மாதக்கணக்கில் வலித்தால் நரம்பு மண்டலமே வலிக்குப் பழகி, சின்னத் தொந்தரவுக்கும் பெரிதாகக் குரல் கொடுக்கத் தொடங்கும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். இது கற்பனை வலி இல்லை, உங்கள் வலி நிஜம். இப்படிப்பட்டவர்களுக்காகவே செலாயாங் மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவு 2002இல் மெனாங் என்ற இரண்டு வாரப் பயிற்சியைத் தொடங்கியது. வலியோடு நடமாட, வேலை செய்ய, மாத்திரையைக் குறைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நீடித்தது. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகும் குறையவில்லை என்றால், கிளினிக்கில் வலி நிவாரணப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தொடை இடுக்கும் உட்காரும் இடமும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ தெரியாமல் கசிந்தாலோ, கால் பாதம் தொங்கிப்போனாலோ, முதுகு வலியோடு காய்ச்சல் வந்தாலோ, அன்றைக்குக் கடையைத் திறக்காதீர்கள். நேராக மருத்துவமனை எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள், நடு இரவாக இருந்தாலும்.