வேட்டைக் காலத்தில் காட்டு நடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியின் எடிசனில் வசிக்கிறோம். நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறையில் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து பென்சில்வேனியாவின் போக்கனோ மலைப்பக்கம் நடக்கப் போவது பல ஆண்டுப் பழக்கம். சென்ற முறை சனிக்கிழமை காலையில் போனபோது வண்டி நிறுத்துமிடம் முழுவதும் பிக்கப் வண்டிகளாக இருந்தன. ஆரஞ்சு உடையும் துப்பாக்கியுமாக நின்றவர்களைக் கண்டு குழந்தைகள் மிரண்டதால் இறங்காமலேயே திரும்பிவிட்டோம். இந்த நாட்களில் காட்டுக்கே போகக்கூடாதா?

பதில்: போகலாம், ஆனால் நீங்கள் போனது அந்த மாநிலத்தில் வேட்டைக்காரர்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கும் நாள். ரைஃபிளால் மான் வேட்டையாடும் பருவம் அங்கே தேங்க்ஸ்கிவிங்கை அடுத்த சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் நடுப்பகுதி வரை நடக்கிறது. 2018 வரை அது அதற்கடுத்த திங்கட்கிழமைதான் தொடங்கிக்கொண்டிருந்தது. 2019-இல்தான் சனிக்கிழமைக்கு மாறியது. அதனால் "பத்து வருஷமாகப் போகிறோம், ஒன்றும் நடந்ததில்லையே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் போன நாட்களில் வேட்டை தொடங்கியிருக்கவில்லை, அவ்வளவுதான். "ஞாயிற்றுக்கிழமை வேட்டை கிடையாது" என்ற பழைய அறிவுரையும் இனி உதவாது. 2019-இல் வந்த சட்டம் மூன்று ஞாயிறுகளைத் திறந்துவிட்டது; 2025-இல் ஞாயிறு வேட்டைக்கான தடையே நீக்கப்பட்டது. நியூ ஜெர்சியின் விதிகள் வேறு, நியூயார்க்கின் விதிகள் வேறு. எனவே எந்த மாநிலத்தில் நடக்கப் போகிறீர்களோ அந்த மாநிலத்தின் வேட்டை நாட்காட்டியை அந்த ஆண்டுக்கென்று பார்த்துவிட்டுக் கிளம்புவதே முறை.

நாளுக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இடம். வரைபடத்தில் பச்சையாக இருப்பதெல்லாம் பூங்கா அல்ல. பென்சில்வேனியாவில் "ஸ்டேட் கேம் லேண்ட்ஸ்" (மாநில வேட்டை நிலங்கள்) எனப்படும் சுமார் 15 லட்சம் ஏக்கர் நிலம் பெரும்பாலும் வேட்டை உரிமக் கட்டணத்திலிருந்து வாங்கப்பட்டது. அங்கே வேட்டைக்காரர்தான் வீட்டுக்காரர், நாம் விருந்தாளி. மாநிலக் காடுகளிலும் வேட்டை உண்டு, மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் குறிப்பிட்ட பகுதிகளில் உண்டு. தேசியப் பூங்காத் துறையின் கீழ் இருப்பதாலேயே டெலவேர் வாட்டர் கேப்பில் வேட்டை இருக்காது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே அனுமதி உண்டு. பல மாநிலங்களைக் கடக்கும் நெடுந்தொலைவு நடைபாதையான அப்பலாச்சியன் தடமோ பென்சில்வேனியாவில் பல வேட்டை நிலங்களை ஊடுருவித்தான் போகிறது. துப்பாக்கிச் சத்தமே வேண்டாம் என்றால், பொதுமக்கள் வேட்டையாட அனுமதி இல்லாத பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் வரலாற்றுப் பூங்காவுக்கோ, தெற்கே வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவுக்கோ குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, நேரம். வேட்டைக்கு அனுமதியுள்ள நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி, அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு முடிகிறது. மான்கள் அதிகம் நடமாடுவதும், மனிதக் கண் அதிகம் ஏமாறுவதும் இந்த இரு முனைகளிலும்தான். காலை பத்து மணிக்குமேல் நடக்கத் தொடங்கி மூன்று மணிக்குள் வண்டிக்குத் திரும்பிவிடுவது நல்லது. நம் கூட்டங்களில் பத்து என்றால் பதினொன்றரை ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லோரும் ஆரஞ்சு நிறம் அணியச் சொல்கிறார்கள். மனிதருக்குத் தெரிகிற நிறம் மானுக்கும் தெரிந்துவிடாதா? கோவையிலிருந்து வந்திருக்கும் என் மாமியாருக்குக் குளிர் தாங்காது. பழுப்புச் சால்வையும் குரங்குக் குல்லாவும் இல்லாமல் வெளியே வரமாட்டார். அது போதாதா?

பதில்: குளிருக்குப் போதும், காட்டுக்குப் போதாது. மானின் கண்ணில் நிறம் அறியும் அணுக்கள் இரண்டு வகை மட்டுமே உண்டு, நமக்கு மூன்று. சிவப்பை நன்றாக உணரும் வகை அதற்கு இல்லை என்பதால், நம் கண்ணைக் குத்துகிற ஆரஞ்சு அதற்கு மங்கலான ஏதோ ஒரு நிறமாகத்தான் தெரியும். மான் நம்மைக் கண்டுகொள்வது வாசனையாலும் அசைவாலும்தான். ஒளிரும் ஆரஞ்சுக்கு இன்னொரு குணமும் உண்டு: கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பித் தருவதால், மேகமூட்டமான மாலையிலும் அது தனித்து நிற்கும். சாயம் போன காவி வேட்டிக்கு இந்தக் குணம் கிடையாது.

உங்கள் மாமியாரின் பழுப்புச் சால்வை, இலையுதிர்ந்த நவம்பர் காட்டில் மானின் உடல் நிறத்தோடு அப்படியே ஒத்துப்போகும். அதைவிடக் கவனிக்க வேண்டியது வெள்ளை. இப்பகுதி மானை வெள்ளைவால் மான் என்பார்கள். மிரண்டு ஓடும்போது வாலைத் தூக்கும், அடிப்பக்கம் கைக்குட்டையை உதறியதுபோலப் பளிச்சென்று தெரியும். மரங்களுக்கிடையே நொடிப்பொழுது மின்னும் அந்த வெள்ளையைத்தான் வேட்டைக்காரரின் கண் தேடிக்கொண்டிருக்கிறது. 1988 நவம்பரில் மேய்ன் மாநிலத்தின் ஹெர்மன் என்ற ஊரில், வெள்ளைக் கையுறை அணிந்து தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்றிருந்த இளம் தாய் ஒருவர் மான் வேட்டைக்காரரின் குண்டுக்குப் பலியானார். சுட்டவரை நடுவர் குழு விடுவித்தது. பின்னர் இலக்கை ஐயமறத் தெரிந்துகொண்ட பிறகே சுட வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டத்தை இறுக்கியது. அந்தப் பெண் மீது எந்தத் தவறும் இல்லை, தவறு முழுவதும் துப்பாக்கி பிடித்தவருடையது என்பதே என் கருத்து. ஆனாலும் யார் மீது தவறு என்பது குண்டு பாய்ந்த பிறகு வரும் கேள்வி என்பதால், வெள்ளைக் குல்லா, வெள்ளைக் கையுறை, வெள்ளைத் துப்பட்டா மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிடச் சொல்கிறேன். மூக்குச் சிந்த வெள்ளைத் தாளைப் பையிலிருந்து உருவும்போதுகூட மனத்தில் இருக்கட்டும்.

சட்டமும் சற்று உண்டு. பென்சில்வேனியா வேட்டை நிலங்களில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை, வேட்டையாடாமல் வெறுமனே நடப்பவர்களும் தலை, மார்பு, முதுகு ஆகியவற்றில் சேர்த்து 250 சதுர அங்குலம் ஒளிரும் ஆரஞ்சு அணிய வேண்டும், அல்லது அதே நிறத் தொப்பியாவது போட வேண்டும். 250 சதுர அங்குலம் என்பது அலுவலகத் தாள் இரண்டரைக்குச் சற்றே கூடுதல். கையில்லா மேல்சட்டை ஒன்று போட்டால் தாராளமாக வந்துவிடும். மாமியாரின் சால்வைக்கு மேலேயே அதை மாட்டிவிடலாம். முதுகுப் பை சுமப்பவர்கள் பையின் மீதும் ஓர் ஆரஞ்சுத் துணியைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் பின்னாலிருந்து பார்ப்பவருக்குப் பை மட்டும்தான் தெரியும்.

கேள்வி: நடக்கும்போது அருகில் வெடிச்சத்தம் கேட்டால் என்ன செய்வது? வேட்டைக்காரரை எதிரில் பார்த்தால் பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசுங்கள். தணிந்த குரலில் வணக்கம் சொல்லி, நீங்கள் எந்தத் தடத்தில் எதுவரை போகிறீர்கள் என்று தெரிவித்து, அவர் எந்தப் பக்கம் இருக்கப் போகிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ந்து பதில் சொல்வார்கள். காட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டிய செய்தி.

சத்தம் கேட்டால் புதருக்குப் பின்னால் குனிந்து ஒளிவதுதான் நம் முதல் உந்துதல். அதைச் செய்யாதீர்கள், புதருக்குள் அசைவது எதுவோ என்ற ஐயத்துக்கு நீங்களே இடம் கொடுக்கிறீர்கள். நிமிர்ந்து நின்று உரக்கக் குரல் கொடுத்து, தடத்தை விட்டு விலகாமல் சத்தம் வந்த திசைக்கு எதிர்ப்பக்கம் நடந்துவிடுங்கள். ரைஃபிள் தோட்டா எதிலும் படாவிட்டால் மைல் கணக்கில் போகக்கூடியது. அதனால் "சத்தம் தொலைவில்தான் கேட்டது" என்ற ஆறுதல் அரைகுறையானது. மரத்தின் மேல் பரண் கட்டி உட்கார்ந்திருப்பவரைக் கண்டால் அடியில் நின்று படம் எடுக்காமல் அமைதியாகக் கடந்து போங்கள். மானைக் காப்பாற்றுவதாக எண்ணி வேண்டுமென்றே கூச்சலிட்டு விரட்டுவது அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் சட்டப்படி குற்றம்.

கேள்வி: நம் ஊரில் வேட்டை என்றாலே குற்றம். இங்கே அரசே அனுமதிப்பது ஏன்?

பதில்: இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி நம்மைப் பழக்கியிருக்கிறது. இங்கே கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டுப்பாடற்ற வேட்டையால் பென்சில்வேனியாவில் மான் அற்றுப்போகும் நிலை வந்தபோது, 1895-இல் வேட்டையையும் வனவிலங்குகளையும் கவனிக்கும் மாநில அமைப்பான கேம் கமிஷன் அமைக்கப்பட்டது. 1906-இல் மிச்சிகனிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் முன்பே அழிந்துவிட்டதால் பின்னர் மான் பெருகி, மரக்கன்றுகளைத் தலையெடுக்கவிடாமல் மேயத் தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்களை அங்கே உரிமத்துடன் வேட்டையாடுகிறார்கள். 1937-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீளத் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் விதிக்கப்படும் 11 விழுக்காடு வரி வனவிலங்குப் பணிகளுக்குப் போகிறது. சைவ உணவுக்காரனான எனக்கு இது மனத்துக்கு ஒப்பவில்லை என்றாலும், நான் நடக்கும் தடங்களில் சில அந்தப் பணத்தால்தான் இருக்கின்றன என்பதை மறுக்க முடியவில்லை.

கேள்வி: டிசம்பரோடு இந்தத் தொல்லை முடிந்துவிடும் அல்லவா?

பதில்: மே மாதம் வான்கோழிப் பருவம் வருகிறது. அந்த வேட்டைக்காரர்கள் தலை முதல் கால் வரை உருமறைப்பு உடையில் மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, பெட்டை வான்கோழியின் குரலைப் போலவே ஒலி எழுப்புவார்கள். ஆகவே புதருக்குள்ளிருந்து வான்கோழிக் குரல் கேட்டால், படம் எடுக்கும் ஆசையில் அதை நோக்கிப் பதுங்கிப் போகாதீர்கள். ஆண் வான்கோழியின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் இருப்பதால் அந்த மாதம் இந்த மூன்று நிற உடைகளையும் தவிர்த்துவிடுங்கள். அருகில் ஒருவர் பதுங்கியிருப்பது தெரிந்தால் கையை ஆட்டாமல் நின்ற இடத்திலேயே நின்று உரக்கப் பேசுங்கள். தமிழில் பேசினாலும் போதும். எந்த வான்கோழியும் அப்படிப் பேசாது.