தேறாதவர்களா ரிலீவர்கள்?

கேள்வி: சென்ற இதழில் பேஸ்பால் வீரர் ஆண்ட்ரூ மில்லரை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். கல்லூரியில் ஆட்டத்தைத் தொடங்கிவைத்த பிட்சர்களில் (பந்து வீசுபவர்களில்) யார் தேறவில்லையோ அவர்களைத்தான் தொழில்முறை அணிகள் ரிலீவர் (இடையில் வந்து வீசுபவர்) ஆக்குகின்றன. ஓர் இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகிறவருக்கு இத்தனை பாராட்டு எதற்கு?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகில் தொடக்க பிட்சருக்குப் பிறகு களமிறங்கும் ரிலீவர்களில் மிகப் பலர், கல்லூரியிலோ அதற்கு அடுத்த கீழ்நிலையான மைனர் லீகிலோ ஆட்டத்தைத் தொடங்கிவைத்தவர்களே. ஆனால் ‘தேறவில்லை’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. தேறுவதற்கு அவகாசம் கிடைத்ததா என்று கேட்காமலே எழுதப்பட்ட சொல் அது. நீங்கள் குறிப்பிட்ட மில்லரையே எடுத்துக்கொள்வோம்.

ஆறடி ஏழு அங்குல உயரம், இடக்கை. 2006இல் நார்த் கரோலைனா பல்கலைக்கழக அணி, அமெரிக்கக் கல்லூரி அணிகளின் சாம்பியன் போட்டியான கல்லூரி உலகத் தொடரின் இறுதிச் சுற்றுவரை வந்து ஒரிகான் ஸ்டேட்டிடம் தோற்றது. அந்த அணியின் முதன்மை பிட்சர் அவர். அதே ஜூனில், புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அவரை ஆறாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. மைனர் லீகில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்களோடு, ஆகஸ்ட் 30ஆம் தேதி நியூயார்க்கின் யாங்கீ ஸ்டேடியத்தில் அவரை மேஜர் லீக் மேட்டில் ஏற்றிவிட்டார்கள். கல்லூரிச் சீருடையைக் கழற்றி மூன்று மாதம்கூட நிறையவில்லை. அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவரை உடனடியாக அணியின் 40 பேர் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவரைத் தடையின்றி மைனர் லீகுக்கு அனுப்ப ஓர் அணிக்குப் பொதுவாக மூன்று பருவங்களே அனுமதி உண்டு. அதற்குப் பிறகு அனுப்ப வேண்டுமானால், மற்ற அணிகள் அவரைத் தூக்கிக்கொண்டு போக வழிவிட்டாக வேண்டும். ஆகவே அவரோடு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் சிறிய ஊர்களில், சில ஆயிரம் பேர் முன்னிலையில், தவறு செய்து திருத்திக்கொண்டிருந்த ஆண்டுகளில், மில்லர் தம் தவறுகளை நாட்டின் மிகச் சிறந்த பேட்டர்களுக்கு எதிரே செய்ய நேர்ந்தது.

நீண்ட கை கால்களை உடைய பிட்சருக்கு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பந்தை விடுவிப்பது கடினம். அந்தப் பழக்கம் கைகூட வருடக்கணக்கான பொறுமை வேண்டும். அவருக்குக் கிடைத்தது இடமாற்றம்தான். 2007 டிசம்பரில் பேட்டர் மிகெல் காப்ரேராவைப் பெறுவதற்காக டைகர்ஸ் அவரை ஃப்ளோரிடா மார்லின்ஸுக்குக் கொடுத்தது. 2008இல், சக வீரர்களின் பிழையால் வந்தவற்றைக் கழித்து, ஓர் ஆட்டத்துக்குரிய ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் கொடுத்த ஓட்டங்களின் சராசரி 5.87. 2010இல் அது இன்னும் மோசமாகி 8.54 ஆயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரைச் சொற்ப விலைக்கு வாங்கிக்கொண்டது. அங்கும் 2011இல் தொடக்க பிட்சராக முயன்றார். 65 இன்னிங்ஸில் 41 பேட்டர்களை, குறி தவறிய நான்கு பந்துகளுக்குக் கிடைக்கும் வாக் கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பினார். நீங்கள் சொல்லும் ‘தேறவில்லை’ என்ற தீர்ப்பை அந்த வருடம் எழுதியிருந்தால் நானும் மறுத்திருக்க மாட்டேன்.

2012இல் அவரை முழுநேர ரிலீவர் ஆக்கினார்கள். தொடக்க பிட்சர் ஒரே பேட்டரை ஓர் ஆட்டத்தில் மூன்று முறை சந்திக்கிறார். மூன்றாம் முறைக்குள் அவருடைய பந்துகளெல்லாம் பேட்டருக்குப் பழகிவிடும் என்பதால் மூன்று நான்கு வகைப் பந்துகள் கைவசம் வேண்டும், கைவலுவையும் ஆறேழு இன்னிங்ஸுக்குப் பங்கிட்டுச் செலவிட வேண்டும். ரிலீவருக்கு அந்தக் கணக்கு இல்லை. மில்லரிடம் வேகப்பந்தும், வளைந்து விலகும் ஸ்லைடரும் இருந்தன, அவை போதும். நன்றாக வராத மூன்றாவது பந்தைத் தேடி அலைய வேண்டிய நிர்ப்பந்தம் ஒழிந்தது, இருந்த இரண்டையும் முழு வலுவோடு வீச முடிந்தது. 2016இல் 74 இன்னிங்ஸுக்குச் சற்று மேல் வீசி 123 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்த (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்கவைத்த) அதே மனிதர், அந்தப் பருவம் முழுவதிலும் ஒன்பது வாக்தான் கொடுத்தார். 41 எங்கே, ஒன்பது எங்கே!

‘ஓர் இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகிறவர்’ என்கிறீர்கள். 2016 அக்டோபர் 25, கிளீவ்லாந்தில் நடந்த, மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை ஒருமுறை பாருங்கள். மில்லர் அப்போது ஆடிய கிளீவ்லாந்து அணி 3–0 என்று முன்னிலையில் இருக்கிறது. ஏழாவது இன்னிங்ஸின் தொடக்கத்திலேயே சிகாகோ கப்ஸின் ஒருவர் முதல் பேஸுக்குப் போய்விட, மேலாளர் டெரி ஃப்ரான்கோனா மில்லரை அழைக்கிறார். வந்தவுடன் ஒரு வாக், அடுத்து ஒரு சிங்கிள் (ஒரு பேஸுக்கான அடி): மூன்று பேஸ்களிலும் ஆள், இன்னும் ஒருவரும் அவுட் இல்லை. அரங்கம் வாயடைத்து நிற்கிறது. கான்ட்ரேராஸ் தூக்கி அடித்த பந்து சென்டர் ஃபீல்டில் பிடிபடுகிறது. எவரும் ஓடிவர முடியவில்லை. அடிசன் ரஸல் ஸ்ட்ரைக்அவுட். டேவிட் ராஸும் ஸ்ட்ரைக்அவுட். எட்டாவது இன்னிங்ஸையும் அவரே வீசினார். மொத்தம் 46 பந்துகள், ஓர் ஓட்டமும் இல்லை. அந்த அக்டோபரில் அவரைச் சில நாட்களில் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே கொண்டுவந்தார்கள். ஆட்டம் எந்த நிமிடத்தில் கைநழுவும் என்று தெரிகிறதோ அந்த நிமிடத்தில் வந்து நிற்பது அவருடைய வேலையாக இருந்தது. முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்குத் தரப்படும், 1969 முதல் அதிகாரபூர்வமாகக் கணக்கிடப்படும் ‘சேவ்’ பெரும்பாலும் ஆட்டத்தை முடித்துவைத்த கோடி ஆலனின் பெயரில் ஏறியது. ஆனாலும் மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதை மில்லருக்கே கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா ரிலீவர்களும் இப்படிச் சுற்றுவழியில் வந்தவர்கள் அல்லர். ஹஸ்டன் ஸ்ட்ரீட் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக இருந்தபோதே ஆட்டத்தை முடித்துவைப்பவராக வீசி, 2002 கல்லூரி உலகத் தொடரின் சிறந்த வீரர் ஆனார். ஓக்லாந்து அவரை 2004இல் தேர்ந்தெடுத்தது; மறு ஆண்டே அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுக வீரர் விருது. அவர் எதில் ‘தேறவில்லை’? மறுபக்கம் பிராண்டன் ஃபின்னெகன்: 2014இல் ஒரே ஆண்டில் கல்லூரி உலகத் தொடரிலும், கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்காக ரிலீவராக மேஜர் லீக் உலகத் தொடரிலும் வீசிய முதல் வீரர். அந்தச் சாதனையைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியைவிட அச்சமே மிகுதியாக இருந்தது. பிப்ரவரி முதல் அக்டோபர் கடைசிவரை ஓர் இளைஞனின் தோளை வேலைவாங்குவதை நான் வளர்ச்சி என்று சொல்ல மாட்டேன். சில ஆண்டுகளில் தோள் காயத்தால் அவர் ஓரங்கட்டப்பட்டார். காரணம் இதுதான் என்று அறுதியிட முடியாவிட்டாலும், என் கவலை தீரவில்லை.

எனவே எங்கள் பாராட்டைத் திரும்பப் பெறும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். அதே உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், முதல் ஆட்டத்தில் தாம் ஸ்ட்ரைக்அவுட் செய்த அதே டேவிட் ராஸிடம் மில்லர் ஹோம் ரன் வாங்கினார். கிளீவ்லாந்து கோப்பையை இழந்தது. சென்ற இதழ்க் குறிப்பில் அதையும் எழுதியிருக்க வேண்டும்.