‘டக் டக்’ சத்தம் வந்தும் பற்றாத பர்னர், ஒளிர்ந்தும் எரியாத ஓவன்

கேள்வி: எங்கள் கேஸ் ரேஞ்சில் மேலே நான்கு பர்னர்களும் கீழே ஓவனும் உள்ளன. சென்ற வாரம் மேற்புறத்தைக் கழுவியதிலிருந்து வலப்புற முன் பர்னர் ‘டக் டக்’ என்று ஒலிக்கிறதே தவிரப் பற்றுவதில்லை. தீக்குச்சி காட்டினால் உடனே எரிகிறது. மற்ற மூன்றிலும் குறையில்லை. ஓவனிலோ சில மாதங்களாகவே இக்னைட்டர் சிவந்து ஒளிர்ந்தும் நெருப்பு வர இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. பற்றும்போது ‘பப்’ என்று ஓசை கேட்கிறது. தீப்பொறி மாட்யூலை மாற்றினால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அன்று; ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள். மேல் பர்னர்களுக்குத் தீப்பொறி தருவது மாட்யூல். உங்கள் ஓவனைப் பற்றவைப்பதோ தீப்பொறியே இல்லாமல் மின்சாரத்தால் சூடேறி ஒளிரும் இக்னைட்டர். ஆகவே மாட்யூலை மாற்றுவதால் ஓவனுக்கு எந்தப் பயனும் இல்லை. மூன்று பர்னர்கள் ஒழுங்காகப் பற்றும் நிலையில், மேலே உள்ள குறைக்கும் மாட்யூலை முதலில் சந்தேகிப்பது சரியாகாது.

தொடங்குவதற்கு முன் ஒரு முன்னெச்சரிக்கை. எந்தக் குமிழையும் திறக்காதபோதே கேஸ் வாடை அடித்தால் பற்றவைத்துப் பார்க்கவோ மின் சுவிட்சைத் தொடவோ கூடாது; கேஸ் வரும் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தேங்கும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு இலேசானது என்பதால் மேலெழும். வாடை இல்லையென்றால் மேற்கொண்டு பார்க்கலாம். பர்னரைக் கழற்றும்போதெல்லாம் குமிழ்கள் மூடியிருக்கட்டும், பிளக் பிடுங்கியிருக்கட்டும்.

முதலில் பர்னர். இங்கே பலரை ஏமாற்றுவது காதுதான். பெரும்பாலான ரேஞ்சுகளில் எந்தக் குமிழைத் திருப்பினாலும் நான்கு பர்னர்களுக்கும் ஒரே நேரத்தில் தீப்பொறி செல்லும். கேஸ் மட்டுமே திருப்பிய பர்னருக்குப் போகும். எனவே நீங்கள் கேட்கும் ‘டக் டக்’ பக்கத்துப் பர்னர்களிலிருந்து வருவதாகவும் இருக்கலாம். வலப்புற முன் பர்னரில் பொறியே இல்லாமலும் இருக்கலாம். இதைக் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும். கேஸ் வரும் வால்வை மூடிவிட்டு, பிளக்கைச் செருகி, விளக்கை அணைத்து அறையை இருட்டாக்கிக்கொண்டு குமிழைத் திருப்பிப் பாருங்கள். நல்ல பொறி எலெக்ட்ரோடின் (பர்னரை ஒட்டி, வெள்ளைப் பீங்கான் உறைக்குள் நிற்கும் சிறு உலோகக் கம்பி) நுனியிலிருந்து பர்னரின் உலோக விளிம்புக்கு நீலம் கலந்த வெண்மையாகத் தாவும். மூன்று பர்னர்களில் அது தெரிந்து நான்காவதில் தெரியவில்லை என்றாலோ, நுனியை விட்டுவிட்டுக் கீழே வெள்ளைப் பீங்கானின் பக்கவாட்டிலிருந்து பாய்கிறது என்றாலோ, தேட வேண்டிய இடம் கிடைத்துவிட்டது.

பொறி பக்கவாட்டில் பாய்வதற்குக் காரணம் இரண்டு. ஒன்று ஈரம். கழுவிய நீர் பீங்கானைச் சுற்றியும் அதன் அடித்தண்டைச் சுற்றியும் தங்கியிருந்தால், உயர் அழுத்த மின்சாரம் காற்று இடைவெளியைத் தாண்டிக் குதிக்காமல் எளிதான ஈரவழியில் தரையிறங்கிவிடும். சோப்பு கலந்த நீரானால், நீர் வற்றிய பின்னும் படலம் எஞ்சும். சுத்தமான ஈரத்துணியால் பீங்கானைத் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, பர்னரின் மேல்மூடியைக் கழற்றியபடியே சில மணி நேரம் காய விடுங்கள். அவசரமென்றால் முடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் வைத்துக் காட்டலாம். ஒரு வாரம் ஆகியும் காயாதா என்று கேட்பீர்கள். வழக்கமாகக் காய்ந்துவிடும், அதனால்தான் உங்கள் விஷயத்தில் அடுத்த காரணத்துக்கும் இடமிருக்கிறது. பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தாலும் இதே அடையாளம்தான் தெரியும். விரிசலை ஒட்டுவதில் பயனில்லை. எலெக்ட்ரோடையே மாற்ற வேண்டும். மாட்யூலோடு ஒப்பிட்டால் அது சிறிய வேலை.

பொறியே வராவிட்டால், எலெக்ட்ரோடின் அடியில் செருகியிருக்கும் கம்பி கழுவும்போது நழுவியிருக்கக்கூடும். அது இறுக்கமாக இருந்தும் பொறி இல்லையென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நன்றாக வேலை செய்யும் ஒரு பர்னரின் கம்பியையும் இதன் கம்பியையும் மாட்யூல் முனையில் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். குறை அந்தப் பர்னருக்கு இடம் பெயர்ந்தால் மாட்யூலின் அந்த ஒரு முனை செத்துவிட்டது. குறை இருந்த இடத்திலேயே இருந்தால் கம்பியிலோ எலெக்ட்ரோடிலோதான் பழுது. மாட்யூலை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

பொறி நன்றாகத் தெரிந்தும் பற்றவில்லையா? அப்போது கேஸ் பொறியிடம் வந்து சேரவில்லை என்று பொருள். தீக்குச்சிக்குப் பற்றுகிறதே என்ற வாதம் இங்கே முழுமையாகச் செல்லாது. தீக்குச்சியை நீங்கள் ஏதோ ஒரு துளையருகே காட்டுகிறீர்கள். எலெக்ட்ரோடுக்கு நேரே இருக்கும் துளை மட்டும் அடைபட்டிருந்தால், குச்சிக்குப் பற்றும், பொறிக்குப் பற்றாது. எரியும்போது தீவளையம் எலெக்ட்ரோடின் பக்கத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்று கவனித்தால் இது விளங்கிவிடும். மெல்லிய ஊசியாலோ கம்பியாலோ அந்தத் துளையைக் குத்திச் சுத்தம் செய்யலாம். பல்குச்சி உள்ளேயே முறிந்துகொள்ளும், வேண்டாம். அதே ஊசியை அடியில் உள்ள, பர்னருக்குக் கேஸை விடும் பித்தளை ஜெட்டின் துளைக்குள் விட்டுத் திருகாதீர்கள். அந்தத் துளை சற்றே பெரிதானாலும் கேஸ் அளவு கூடி, தீ மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடிக்கும்.

கழுவிய பின் தொடங்கிய கோளாறு என்பதால், இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக மூடியைப் பார்க்கச் சொல்வேன். ஒரே அளவாகத் தோன்றும் இரண்டு மூடிகள் இடம் மாறியிருக்கலாம். அல்லது அடியில் உள்ள முளை தன் குழியில் அமராமல் மூடி ஒருபுறம் தூக்கியிருக்கலாம். எலெக்ட்ரோடு நுனிக்கும் அது பாய வேண்டிய உலோகத்துக்கும் இடையே பொதுவாக 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். மூடி சாய்ந்தால் இந்தக் கணக்கும் கெடும், கேஸ் வெளிவரும் திசையும் கெடும். மூடியை வைத்து மெல்ல அசைத்தால் ஆடக்கூடாது.

உங்களுக்கு இல்லாத, ஆனால் ஈரத்தால் அடிக்கடி வருகிற இன்னொன்று: எல்லாக் குமிழ்களையும் மூடிய பின்னும் ‘டக் டக்’ நிற்காதது. குமிழுக்குப் பின்னால் உள்ள சிறு சுவிட்சுக்குள் நீர் புகுந்ததே பெரும்பாலும் காரணம். பிளக்கைப் பிடுங்கிக் காய விட்டால் போதும். பற்றிய தீ குமிழை விட்டதும் அணைந்தால் அது பற்றவைப்புக் கோளாறே அன்று. தீ இருப்பதை உணரும் தெர்மோகப்பிளை அப்போது பார்க்க வேண்டும்.

இனி ஓவன். இதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்த இக்னைட்டரும் கேஸ் வால்வும் ஒரே மின்சுற்றில் அடுத்தடுத்துக் கோத்தவை. இக்னைட்டர் சூடேறச் சூடேற அதன் வழியாகப் பாயும் மின்னோட்டம் உயரும். அந்த மின்னோட்டம் உரிய அளவை எட்டினால்தான் வால்வுக்குள் இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடாகி வளைந்து கேஸைத் திறந்துவிடும். பற்றவைக்கும் சூடு இல்லாமல் கேஸ் வெளிவரக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. இக்னைட்டர் பழசாகும்போது அதன் மின்தடை கூடுகிறது. ஒளிர்கிறது, ஆனால் போதிய மின்னோட்டத்தை விடுவதில்லை. வால்வு தாமதமாகவும் அரைகுறையாகவும் திறக்கிறது. கேஸ் சிறிது தேங்கிய பிறகு மொத்தமாகப் பற்றுகிறது. நீங்கள் கேட்கும் ‘பப்’ அதுதான். ‘சிவப்பாக ஒளிர்கிறதே, அது நன்றாகத்தான் இருக்கிறது’ என்று எண்ணி வால்வை மாற்றிப் பணத்தை வீணாக்குவோர் அதிகம்.

ஊகத்துக்கு இடமில்லாமல் இதை அளந்தே பார்க்கலாம். 120 வோல்ட்டில் இயங்கும் ரேஞ்சுகளில் தட்டை வடிவ இக்னைட்டருடன் வரும் வால்வுக்கு ஏறத்தாழ 3.2 முதல் 3.6 ஆம்பியர் வரையும், உருளை வடிவத்துடன் வருவதற்கு 2.5 முதல் 3 ஆம்பியர் வரையும் தேவை; வேறு மின்னழுத்தத்தில் இயங்கும் ரேஞ்சுக்கு அதன் வால்வின் மேல் அச்சிட்ட அளவையே பார்க்க வேண்டும். மின்வேலை தெரிந்தவர் கிளாம்ப் மீட்டரை (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கருவி) ஒற்றைக் கம்பியில் மாட்டி அளந்து, அதைவிடக் குறைவாக இருந்தால் இக்னைட்டரை மாற்றலாம். அளவு சரியாக இருந்தும் கேஸ் வராவிட்டால் மட்டுமே வால்வைக் குறை சொல்ல வேண்டும். இரு வடிவங்களும் தம்முள் மாற்றிப் போடக்கூடியவை அல்ல. புதியதைப் பொருத்தும்போது ஒளிரும் பகுதியைக் கையால் தொடக் கூடாது. அது எளிதில் உடையும்.

நல்ல நிலையில் உள்ள ஓவன் சுமார் ஒன்றரை நிமிடத்துக்குள் பற்றிவிடும். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது, ஓசையும் வருகிறது. ஆகவே இக்னைட்டர் மாறும்வரை ஓவனைப் பயன்படுத்தாதீர்கள். மேல் பர்னரைத் தீக்குச்சியால் பற்றவைப்பதைப் போல இதையும் பற்றவைக்கலாமே என்று முயலவும் வேண்டாம்: மின்னோட்டம் இல்லாமல் அந்த வால்வு திறக்காது, அரைகுறையாகத் திறந்த வால்வின் முன் குச்சியோடு குனிந்து நிற்பதும் நல்லதன்று.