பழைய வெள்ளி அடைப்பை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 62. சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கிறேன். இளம் வயதில் கீழ்க் கடைவாய்ப் பற்கள் மூன்றில் வெள்ளி வைத்து அடைத்தார்கள். சென்ற மாதம் முறுக்கைக் கடித்தபோது அவற்றில் ஒரு பல்லின் மூலை உடைந்துவிட்டது. ஒரு பல் மருந்தகத்தில் வெள்ளை நிறத்தில் அடைத்தால் போதும் என்றார்கள். இன்னொன்றில் ஸிர்கோனியா கிரௌன் (பல்லை மூடும் கெட்டியான பீங்கான் உறை) போடச் சொன்னார்கள். வெள்ளி அடைப்பில் பாதரசம் இருப்பதால் மூன்றையும் எடுத்துவிடும்படி மகன் வற்புறுத்துகிறார். மாத்திரைகளால் வாய் வறண்டு போகிறது. ஒரு பல் ஈறோரம் தேய்ந்து கூசவும் செய்கிறது. எதை எதனால் அடைப்பது?

பதில்: அம்மா, உடையாத இரண்டு பற்களையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அடைப்பின் ஓரம் இறுக்கமாக இருந்து, எக்ஸ்ரேயில் அடியில் சொத்தை தெரியாதவரை, அவற்றைத் தோண்டி எடுப்பதில் உங்களுக்கு இலாபம் எதுவும் இல்லை.

மகனின் கவலை ஆதாரமற்றதன்று. வெள்ளி அடைப்பு எனப்படும் அமால்கத்தின் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம்தான். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். ஆனால் இரண்டையும் குழைத்த பிறகு பாதரசம் அந்த உலோகங்களோடு வினைபுரிந்து கெட்டியான சேர்மமாகிவிடுகிறது. மெல்லும்போதும் இரவில் பல்லை நறநறக்கும்போதும் மிகச் சிறிதளவு ஆவி வெளிவருவது உண்மை. அதைவிடக் கூடுதலாக வெளிவருவது அடைப்பைக் கருவியால் குடைந்து எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான். பாதரசத்துக்குப் பயந்து நல்ல அடைப்பை எடுப்பவர், பயந்த பொருளைத் தாமே கிளறிவிடுகிறார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள், சிறுநீரகக் கோளாறோ நரம்பு நோயோ உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் வைப்பதை இயன்றவரை தவிர்க்கச் சொன்னது. நல்ல நிலையில் உள்ள பழைய அடைப்புகளை எடுக்க வேண்டியதில்லை என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் அமால்கத்தை ஏறக்குறைய முழுமையாக நிறுத்தியதற்கும், பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்காகச் சிங்கப்பூர் 2017-இல் ஏற்ற அனைத்துலக மினமாட்டா உடன்படிக்கைக்கும் முதன்மைக் காரணம், பாதரசம் நீரிலும் மண்ணிலும் சேரக்கூடாது என்பதே.

அப்படியானால் பல் ஏன் உடைந்தது? அமால்கம் பல்லோடு ஒட்டுவதில்லை. வாய் குறுகி அடி அகன்ற குழியாகப் பல்லை வெட்டினால்தான் அது கழன்று விழாமல் நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் சேர்த்து வெட்ட வேண்டியிருந்தது, சுவர்கள் மெலிந்தன. பல ஆண்டுகள் கழித்து ஒரு முறுக்கு வந்து அந்தக் கணக்கைத் தீர்க்கிறது: அடைப்பு அப்படியே நிற்க, பல் உடைகிறது.

வெள்ளை அடைப்பான காம்போசிட், பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகளும் கலந்த கூழ். அதை வைக்கும் முறையைப் பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் விளங்கும். முதலில் பாஸ்பாரிக் அமிலக் கூழை எனாமலின்மீது 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுவார்கள்; காய்ந்ததும் பளபளப்பான எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாகும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சொரசொரப்பில்தான் பசை ஊடுருவிப் பிடிக்கிறது. பிறகு கூழை 2 மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளி காட்டி இறுகச் செய்வார்கள். இறுகும்போது காம்போசிட் சற்றுச் சுருங்குகிறது; ஒரே வீச்சில் நிரப்பினால் ஓரத்தில் இடைவெளி விழும். பசை வைக்கும் நேரத்தில் ஒரு துளி எச்சில் பட்டாலும் பிடிப்பு போய்விடும். பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்புக் கட்டி வேலை செய்யும் மருத்துவரை, நேரம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார் என்று குறை சொல்லாதீர்கள்.

உடைந்தது ஒரு மூலை மட்டுமே, மற்றச் சுவர்கள் தடிமனாக உள்ளன, விரிசல் வேறெங்கும் ஓடவில்லை என்றால் காம்போசிட் போதும் என்பதே என் கருத்து. எஞ்சிய சுவர்களும் மெலிந்திருந்தாலோ, கடித்து விடும்போது சுருக்கென்று குத்தினாலோ, கிரௌன்தான் பாதுகாப்பு. ஆனால் கிரௌனுக்காகப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். சீவியது திரும்பி வராது. ஆகவே, எந்தச் சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். இரண்டு மருந்தகங்களும் வெவ்வேறு விதமாகச் சொன்னதில் தவறில்லை. இரண்டுக்கும் இடையில் நிற்கும் பற்கள் நிறைய உண்டு.

கிரௌன் என்று முடிவானால், கடைவாய்க்கு ஸிர்கோனியா நல்ல தேர்வு. முன்பற்களுக்கு விரும்பப்படும் லித்தியம் டைசிலிகேட் பீங்கானின் வளைவு வலிமை ஏறத்தாழ 400 மெகாபாஸ்கல். வழக்கமான ஸிர்கோனியாவுக்கு அது 1,000 அளவில் இருக்கும். பல்லைப்போல் ஒளி ஊடுருவும் அழகான ஸிர்கோனியா வகைகளில் அந்த வலிமை குறையும். தங்கமும் கடைவாய்க்கு அருமையான பொருள். எதிர்ப் பல்லைத் தேய்க்காது. வீட்டு நகையை உருக்கிப் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 22 காரட் தங்கம் கடிக்கும் விசைக்கு மிக மென்மையானது. பல்லுக்கான தங்கம் வேறு உலோகங்கள் கலந்த தனிக் கலவை.

நரம்புவரை விரிசல் போயிருந்தால் முதலில் வேர்ச் சிகிச்சை. அப்போது வேருக்குள் வைக்கும் குச்சி கட்டாபெர்ச்சா எனப்படும் மரப்பால். பெயர் மலாய்; 1840-களில் சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மான்ட்கொமரி, பாராங் கத்தியின் பிடியில் அதைக் கவனித்து இங்கிருந்து இங்கிலாந்துக்கு மாதிரி அனுப்பினார். இன்றைய குச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்தப் பால். பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு.

ஈறோரக் கூச்சத்துக்குக் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளைப் பற்றிக் கேளுங்கள். அது பல்லின் கால்சியத்தோடு நேரடியாகப் பிணைகிறது. சற்று ஈரத்தையும் பொறுக்கும். ஃபுளோரைடையும் சிறிது சிறிதாக வெளியிடும். எச்சில் குறைந்தால் வேரோரத்தில் சொத்தை விரைவாக வரும் என்பதால், உங்களைப் போன்றவர்களுக்கு இது பொருத்தம். மெல்லும் பரப்பில் நீண்டகாலம் தாங்காது. கடைவாயின் உடைந்த மூலைக்கு இதைக் கேட்க வேண்டாம். வாய் வறள்கிறதே என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மாத்திரைப் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முன்பதிவு நாள்வரை கிராம்பு வாசனையுள்ள தற்காலிக அடைப்பு வைத்திருந்தால், அதையும் சொல்லிவிடுங்கள். கிராம்பிலுள்ள யூஜெனால் வலியைத் தணிக்கும். ஆனால் காம்போசிட்டை இறுக விடாது. மருத்துவக் கட்டணக் கழிவு தரும் சாஸ் அட்டையோ மெர்டேக்கா தலைமுறை அட்டையோ இருந்தால், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கழிவு என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காம்போசிட் நாற்காலியிலிருந்து எழும்போதே இறுகியிருக்கும். அமால்கத்தைப்போல் ஒரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. இருந்தாலும் மரப்பு ஊசி போட்டிருந்தால், உணர்வு திரும்பும்வரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு எதையும் மெல்லாதீர்கள். கன்னத்தைக் கடித்துக்கொண்டது தெரியாமலே புண்ணாகிவிடும்.