கொரியா போகிறவர்களின் கேள்விகள்: விருந்து, வயது, துக்க வீடு

கொரியப் பழக்கவழக்கங்கள் பற்றி எதுவும் கேட்கலாம். விசா, சம்பளம் என் துறை இல்லை.

ஸ்ரீபெரும்புதூரில் கொரிய நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அடுத்த மாதம் சியோலில் பயிற்சி. முதல் நாளே குழு விருந்தாம். என்ன கவனிக்கணும் அக்கா?

அங்கே அதை ஹோய்சிக் என்பார்கள். மேஜையில் மூத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். அவர் ஸ்பூனை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொடங்குவார்கள். உங்கள் கிளாசில் நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவார். அவர் கிளாஸ் காலியானால் நீங்கள் ஊற்ற வேண்டும். பாட்டிலைப் பிடிப்பது, கிளாசை நீட்டுவது எல்லாமே இரண்டு கையால். பெரியவர் எதிரில் குடிக்கும்போது முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வது மரியாதை. குடிக்காதவர் என்றால் முதல் சுற்றிலேயே சொல்லிவிட்டு, சோடா ஊற்றச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

சோற்றுக் கிண்ணம் மேஜையிலேயே இருக்கட்டும். கையில் தூக்கிச் சாப்பிடுவது ஜப்பானியப் பழக்கம். சோற்றையும் சூப்பையும் ஸ்பூனால் சாப்பிடுவார்கள். குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தாதீர்கள், இறந்தவர்களுக்குப் படைக்கும் சடங்கை அது நினைவூட்டும். காரத்தில் மூக்கு ஒழுகினால் எழுந்து வெளியே போய்ச் சிந்துங்கள்.

நான் சைவம். கிம்ச்சி (கொரியக் காய்கறி ஊறுகாய்) சாப்பிடலாமா?

பெரும்பாலும் முடியாது. உப்பில் ஊறிய இறாலோ மீன் சாறோ சேர்த்திருப்பார்கள். காய்கறி சூப்பிலும் நெத்திலி கொதித்த நீர் இருக்கலாம். பௌத்த மடத்துச் சமையலைத் தேடுங்கள்: மீன், இறைச்சி கிடையாது, வெங்காயம் பூண்டு கூட இல்லை. சியோலில் ஜோக்யேசா கோயில் பக்கம் கிடைக்கும்.

டிப்ஸ் எவ்வளவு?

தர வேண்டாம்.

மெட்ரோவில் கூட்டம் நெரிகிறது, ஆனால் பெட்டியின் கோடியில் இருக்கைகள் காலி. உட்காரலாமா?

கூடாது. அவை முதியோர், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகளுக்கானவை. இளைஞர்கள் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார்கள். கர்ப்பிணிகளுக்கென்று இளஞ்சிவப்பு இருக்கைகள் தனியாக உண்டு. அதையும் விட்டுவிடுங்கள்.

பார்த்த ஐந்தாவது நிமிடம் வயதைக் கேட்கிறார்கள். நாகரிகமா இது?

உங்களிடம் எப்படிப் பேசுவது என்று முடிவு செய்யத்தான் கேட்கிறார்கள். நீங்கள் பெரியவரா சின்னவரா என்று தெரியாமல் வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாத மொழி அது. தவறாக எடுத்துக்கொள்ளாமல் பிறந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

2023-லேயே கொரிய வயதை ஒழித்துவிட்டார்கள். பழைய கதை சொல்கிறீர்கள்.

2023 ஜூன் 28 முதல் அரசு ஆவணங்களிலும் ஒப்பந்தங்களிலும் பிறந்த நாளை வைத்து எண்ணும் வயதுதான் அடிப்படை, உண்மை. பழைய கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது, ஒவ்வொரு ஜனவரி 1-க்கும் இன்னொன்று. டிசம்பர் 31-ல் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது! இதனால் வந்த குழப்பங்களைத் தீர்க்கத்தான் சட்டம். யார் யாருக்கு மூத்தவர் என்ற வழக்கத்தை அது தொடவில்லை.

எல்லா இடத்திலும் ஒரே வயது என்றுதானே செய்தி வந்தது?

இல்லை. மது, சிகரெட் விற்பனைக்கும் ராணுவ சேவைக்கும் இன்னமும் பிறந்த ஆண்டுதான் கணக்கு. 19 வயது நிறையும் ஆண்டின் ஜனவரி 1 முதல் மது வாங்கலாம், பிறந்த நாள் நவம்பரில் வந்தாலும்.

பூசானில் என் நண்பன் தனக்கு 29, 30 என்று இரண்டு வயதும் சொல்கிறான். எது சரி?

இரண்டும் சரி, ஒன்று சட்டத்துக்கு, மற்றது பழக்கத்துக்கு. அதனால்தான் பிறந்த ஆண்டைச் சொல்லச் சொன்னேன். வயதுப் பேச்சு போதும், மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

டாக்சிக்கும் டிப்ஸ் கிடையாதா?

டாக்சி, ஓட்டல், சலூன், எங்கேயும் கிடையாது. இந்தக் கேள்விக்கு இனி பதில் எழுத மாட்டேன்.

விசிட்டிங் கார்டு வலது கையால் கொடுத்தால் போதுமே, நம் ஊரில் அதுதானே மரியாதை?

அங்கே போதாது. இரண்டு கை. கார்டு, பணம், பரிசு எதுவானாலும். குறைந்தது இடது கையால் வலது முன்கையைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

கொரியத் தூதரகத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள்.

சுவோனில் வேலை. உடன் வேலை செய்பவரின் அப்பா இறந்துவிட்டார். நாளை போகிறேன். என்ன செய்வது என்றே தெரியவில்லை.

கேட்டது நல்லது. துக்கம் பெரும்பாலும் மருத்துவமனையை ஒட்டிய இறுதிச் சடங்குக் கூடத்தில்தான் நடக்கும். கறுப்பு உடை, காலுறை கட்டாயம், காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும். வெள்ளை உறையில் பணம் வைத்து உங்கள் பெயரை எழுதுங்கள். 50,000 வோன் அல்லது 1,00,000 வோன் வழக்கம். சிவப்பு மை வேண்டாம். படத்துக்கு முன் ஊதுபத்தி ஏற்றியோ வெள்ளைப் பூ வைத்தோ இரண்டு முறை விழுந்து வணங்குவார்கள், பிறகு குடும்பத்தாரை ஒரு முறை. உயிரோடிருப்பவருக்கு இரண்டு முறை கூடாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் தலை குனிந்து பிரார்த்தித்தால் போதும். முன்னால் போகிறவரைப் பார்த்துச் செய்யுங்கள்.

நம்மில் பலர் சாவு வீட்டில் கை நனைக்க மாட்டோம். அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதுதான் குடும்பத்துக்குத் துணை நிற்பது. மாட்டிறைச்சி போட்ட காரமான யுக்கேஜாங் சூப் வரும். சாப்பிட மாட்டீர்கள் என்றால் சோறும் பக்கத் தட்டுகளும் எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள். அங்கே கிளாசோடு கிளாஸ் மட்டும் இடிக்காதீர்கள்.