அம்மாவின் முகம்

மதிப்பிற்குரிய ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். செம்பனை வந்தபின் குலை வெட்டினார். நான் சிறுமியாக இருந்தபோது சம்சு என்ற மலிவுச் சாராயத்தைக் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். 45 வயதில் ஞானஸ்நானம் எடுத்தார். அன்றோடு குடி நின்றது. அடுத்த சம்பளத்தன்று, கடைக்காரரின் 555 புத்தகத்தில் எங்கள் பெயரில் இருந்த பழைய கடனை அடைத்துவிட்டு வந்தார். அதற்கு 25 ஆண்டுகள் ஆகின்றன. அம்மா இறந்து ஒன்பது ஆண்டுகள். இப்போது அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவில் விழித்துக்கொண்டு, "உங்கம்மா முகத்த எப்படிப் பார்ப்பேன்?" என்று அழுகிறார். ஜெபிக்க வந்த சபையார், இரட்சிக்கப்பட்டவன் சாவுக்கு அஞ்சமாட்டான், இது விசுவாசக் குறைவு என்கிறார்கள். அப்படியானால் அவர் மாறியது உண்மையில்லையா?

வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட கேள்வியைவிட, போகிற போக்கில் எழுதிய இரண்டு செய்திகளில்தான் நான் நின்றுவிட்டேன்: 555 புத்தகமும் அம்மாவின் முகமும்.

சபையார் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். சாவின் முன் கலங்குவது விசுவாசக் குறைவு என்றால், சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேத் தோட்டத்தில் இயேசு திகிலடைந்து வியாகுலப்பட்டார் என்று மாற்கு எழுதி வைத்திருப்பதை என்ன செய்வது? இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்தும், அவனுடைய கல்லறைக்குப் போகும் முன் அவர் கண்ணீர் விட்டார். சாவு எனக்கு ஆதாயம் என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல்தான், கொரிந்தியருக்கு எழுதும்போது மரணத்தைக் 'கடைசிச் சத்துரு' என்கிறார். வந்தவர்கள் அன்பினால்தான் வந்திருப்பார்கள். ஆனாலும் நோயாளியின் கட்டிலருகே வேதபாடத் தேர்வு நடத்தும் இந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை.

"உறங்கு வதுபோலும் சாக்காடு உறங்கி விழிப்பது போலும் பிறப்பு" என்ற 339ஆம் குறளைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து வளர்ந்தவன் நான். இரங்கல் அறிவிப்பில் கிறிஸ்தவர்களும் 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்றுதான் போடுகிறோம்; இடுகாட்டுக்குப் பழைய கிறிஸ்தவர்கள் வைத்த கிரேக்கப் பெயருக்கும் உறங்குமிடம் என்றே பொருள். உறக்கம் என்ற உவமை ஒன்றாக இருந்தாலும் விழிப்பு வேறு. குறளில் விழிப்பது இன்னொரு பிறவிக்கு. அங்கே பழைய முகங்கள் நம்மை அடையாளம் கண்டு எதிரே வந்து நிற்பதில்லை. விசுவாசப் பிரமாணத்தில் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று சொல்கிறோமே, அதன்படி எழுந்திருப்பவர் அதே ஆள், அதே பெயருக்குரியவர். உயிர்த்த இயேசுவின் கைகளிலேயே ஆணித் தழும்பு இருந்தது.

வாயால் சொல்லிப் பழகிய இந்த வாக்கியத்தை உங்கள் அப்பா அப்படியே நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். அம்மா மண்ணோடு மண்ணாகப் போய்விட்டார் என்று எண்ணுகிறவருக்கு அம்மாவின் முகத்தைப் பார்க்கும் பயம் எங்கிருந்து வரும்? பார்க்கத்தான் போகிறோம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. எந்த முகத்தோடு போய் நிற்பது என்பதுதான் தெரியவில்லை.

இனி அந்த 555 புத்தகம். சட்டைப்பையில் அடங்கும் அந்தச் சின்னக் குறிப்பேட்டில் அரிசியும் மண்ணெண்ணெயும் சார்டினும் வரிவரியாக ஏறி, சம்பளத்தன்று பாதி மட்டும் அடிபட்டு, மீதி மறுமாதத்துக்குப் போவதைத் தோட்டத்தில் பார்க்காதவர் யார்? சம்பளக் கையோடு கள்ளுக்கடைப் பக்கம் திரும்பாமல் அந்தக் கடைக்குப் போனது சிறிய காரியமன்று. வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயு மனம் மாறியதும் கணக்கைத்தான் எடுத்தான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அப்பா மாறியது உண்மையா என்று கேட்டீர்கள். 25 ஆண்டுகள் குடிக்காமலும் கைநீட்டாமலும் இருந்தவரைப் பற்றி, நோயும் வலியும் சேர்ந்து வாட்டும் சில இரவுகளை வைத்து முடிவு சொல்லலாகாது. கடைக் கடனைத் தீர்த்தவருக்குத் தீராத கடன் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அவர் அழுவது அதற்காக. தேவன் மன்னித்துவிட்டார் என்று போதகர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் அடி வாங்கியவர் அம்மா அல்லவா?

அந்த அம்மா, மாறிய மனிதரோடு 16 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார் என்பது உங்கள் கணக்கிலிருந்தே தெரிகிறது. அந்த ஆண்டுகளில் அவர் அப்பாவுக்குத் தே ஓ (பாலில்லாத தேநீர்) ஆற்றிக் கொடுத்ததையோ, கோயிலில் பக்கத்தில் போய் உட்கார்ந்ததையோ, அப்பாவைப் பற்றி உங்களிடம் தனியாகச் சொன்ன ஒரு சொல்லையோ நீங்கள் அறிந்திருக்கக்கூடும். அப்படி ஏதேனும் இருந்தால், இன்றிரவு அவர் விழித்துக்கொள்ளும்போது அதைச் சொல்லுங்கள். இல்லையென்றால் இட்டுக்கட்டிச் சொல்ல வேண்டாம். அடித்ததைப் பற்றி அவரே பேசட்டும். "அதெல்லாம் இப்ப எதுக்குப்பா" என்று தடுத்துவிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள். அன்று அந்த வீட்டில் பயந்துபோய் நின்ற பிள்ளை நீங்கள். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்களில் நீங்களும் ஒருவர்; உங்களிடம் கேட்க அவருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.